பேராசிரியர் மகலனோபிஸ்: சாட்சிகளை எண்ணியவர்

கந்தளாய்க் குளத்தின் கீழ் நீர் பாயும் வயல்களில் ஒரு போகத்தில் ஏக்கருக்கு எத்தனை புசல் விளைந்தது என்று விசாரித்தால், ஒருவர் கூறும் கணக்கு மற்றவர் கூறுவதோடு ஒத்துவருவது அரிது. கமக்காரர் ஒரு தொகை சொல்வார். நெல் வாங்க வந்த வியாபாரி வேறொன்று சொல்வார். உத்தியோகத்தரின் பதிவேட்டிலோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது எண் ஒன்று இருக்கும். அவ்வளவு ஏன்? இக்குளத்தைக் கட்டுவித்தவர் யார் என்பதிலேயே சாட்சிகள் ஒத்திருக்கவில்லை. சிங்கள வரலாற்று மரபு இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சுட்டும். கோணேசர் கல்வெட்டோ குளக்கோட்டு மன்னனின் புகழைப் பாடும். இந்த ஊரில் இருந்து கணிதம் கற்பிக்கும் எனக்கு, ஒத்துவராத சாட்சிகளை வைத்துக்கொண்டு உண்மையை நெருங்குவது எப்படி என்ற வினா நெடுநாளாக மனத்தில் நின்று வருகின்றது. அவ்வினாவுக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவரைப் பற்றி நம் மாணவர் அறிய வேண்டியது அவசியம் என்று கருதி இதனை எழுதலானேன்.

அவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இராமானுஜனையும் சி.வி. இராமனையும் அறிந்த நம்மவர் பலருக்கு இவருடைய பெயர் இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு மட்டும் நின்றுவிடுகின்றது. அதனை இவருக்கு நேர்ந்த ஒரு குறை என்றே நான் கொள்வேன்.

1893-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் கல்கத்தாவில், பிரமசமாஜத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். மாகாணக் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியராக விளங்கிய காலம் அது. மறு ஆண்டு இலண்டனில் படிக்கும் நோக்கத்தோடு இங்கிலாந்து சென்றவர், ஒருநாள் கேம்பிரிட்ஜைப் பார்த்துவரப் போய், திரும்பும் கடைசி இரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பரொருவரின் அறையில் தங்க நேர்ந்தது. அங்கிருந்த கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகு அவரைக் கட்டிப்போட்டது. இங்கேயே படித்தால் என்ன என்ற ஆசையை வாய்விட்டுச் சொன்னார், அடுத்த நாளே கல்லூரியாரைக் கண்டார், இடமும் கிடைத்தது. பிற்காலத்தில் தற்செயலை அளந்து கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டவரின் வாழ்வு ஒரு தற்செயலில் திரும்பியது என்பது சிறிது வேடிக்கையானதே.

கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற நட்புகளுள் நமக்கு இனியது இராமானுஜனுடைய நட்பு. குளிர் தாங்காமல் கட்டிலின் மீது விரித்திருந்த கம்பளிகளுக்கு மேலேயே படுத்து நடுங்கிய இராமானுஜனுக்கு, அவற்றை விலக்கி உள்ளே புகுந்து உறங்கும் வகையைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ்தாம். மற்றொரு நாள் இராமானுஜன் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருக்க, இவர் அருகில் அமர்ந்து ஸ்ட்ராண்ட் என்னும் சஞ்சிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவின் வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக இலக்கம் இடப்பட்டிருக்கின்றது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு முன்னுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். அந்த வீடு எது? மகலனோபிஸ் சில நிமிட முயற்சியால் விடை கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204-ஆவது. இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடையைத் தொடர்பின்னம் ஒன்றாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். ஒரு தெருவுக்கு விடை காண்பது ஒன்று. தெருக்கள் அனைத்துக்கும் காண்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னர் உதவும்.

1915-இல் படிப்பை முடித்து விடுமுறைக்குத் தாயகம் புறப்பட்டபோது முதலாம் உலகப்போர் காரணமாகக் கப்பல் தாமதித்தது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் மெக்காலே அவருக்குப் பயோமெட்ரிகா என்னும் சஞ்சிகையின் தொகுதிகளைக் காட்டினார். கார்ல் பியர்சன் நடத்திய அச்சஞ்சிகை, உயிரியற் செய்திகளை எண்களால் ஆராய்வது. மகலனோபிஸ் முழுத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். பௌதிகராகக் கப்பலேறியவர் புள்ளிவிபரவியலராகக் கரையிறங்கினார் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

பியர்சனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1904-இல், அல்ம்ரோத் ரைட் ஆக்கிய குடற்காய்ச்சல் தடுப்பூசியால் பயன் உண்டா என்ற வினா பிரித்தானிய இராணுவத்தாரிடம் எழுந்தது. தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த படைவீரரின் கணக்குகள் தனித்தனியே கிடந்தன. பியர்சன் அவற்றை ஒருங்கே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஊசிக்கும் நோய்த்தடுப்புக்கும் உள்ள தொடர்பைக் கணித்துச் சராசரி கண்டார். பல ஆய்வுகளின் முடிவுகளை எண்ணளவில் ஒன்றுசேர்க்கும் முயற்சிகளுள் அதனையே முன்னோடியாக இன்று பலரும் குறிப்பிடுவர். ஆயினும் அவரைத் தடுத்து நிறுத்தியது சராசரியன்று. ஒரு கணக்குக்கும் மற்றொன்றுக்கும் இடையே கண்ட ஒழுங்கின்மையே. அவ்வொழுங்கின்மைக்குக் காரணம் தெரியாமல் ஊசியைப் பொதுவாக்க அவர் உடன்படவில்லை. இன்னும் நல்ல சோதனை வேண்டும் என்றார். சராசரியை மட்டும் நோக்குவோர் பலர். சராசரியைச் சுற்றியுள்ள சிதறலை நோக்குவோர் சிலரே.

நிற்க. விடுமுறைக்கு வந்தவர் மீண்டும் போகவில்லை. மாகாணக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கலானார். 1923-இல் நிர்மலகுமாரியை மணந்தார். பிரமசமாஜ விவகாரங்களில் மாப்பிள்ளையின் கருத்துகள் பெண்ணின் தந்தைக்குப் பிடிக்கவில்லை. அவர் திருமணத்துக்கு இசையாமையால், மாப்பிள்ளையின் தாய்மாமன் நீலரத்தன சர்க்கார் தந்தையின் இடத்தில் நின்று அதனை நடத்திவைத்தார். தம்பதியர் இருவரும் தாகூருக்கு நெருங்கியவர்கள். 1921 முதல் பத்து ஆண்டுகள் விசுவபாரதியின் இணைச் செயலாளராக மகலனோபிஸ் பணியாற்றினார். 1926-இல் கவிஞரோடு ஐரோப்பாவில் பயணம் செய்தார். கவிஞருடைய இறுதி நாட்களைப் பற்றி நிர்மலகுமாரி எழுதிய நூல் வங்க இலக்கியத்தில் இடம்பெற்றது. எண்ணும் எழுத்தும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

எண்ணைக் கொண்டு அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று மனிதரை அளப்பது. விலங்கியல் ஆய்வுத்துறைத் தலைவர் ஆனந்தேல் தந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராய்ந்து 1922-இல் வெளியிட்டார். இரண்டு மக்கட்கூட்டங்கள் தம்முள் எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பல அளவுகளையும் ஒருங்கே கொண்டு கூறும் தூரம் ஒன்றை அதிலிருந்து வளர்த்து, 1936-இல் முழுவடிவில் தந்தார். மகலனோபிஸ் தூரம் என்று உலகம் முழுவதும் வழங்குவது அதுவே.

நீரின் அளப்பும் அவரிடம் வந்தது. 1926-இல் ஒரிஸாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்து அழிவு விளைத்தது. ஆற்றுப்படுகை மேலெழுந்துவிட்டது, ஆதலால் கரைகளை உயர்த்துதல் வேண்டும் என்று பொறியியலாளர் கருதினர். மகலனோபிஸ் கருத்துகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் மழைக்கணக்கையும் நீர்மட்டக் கணக்கையும் எடுத்தார். படுகை உயர்ந்தமைக்கு அவற்றில் சான்று இல்லை. வெள்ளத்துக்குக் காரணம் மேற்பகுதியில் பெய்த மிகை மழையே. கரையை உயர்த்துவது வீண், மேலே நீரைத் தேக்குவதே வழி என்பது அவர் கண்ட முடிவு. மகாநதியிலும் நீரைத் தேக்கி வெள்ளத்தைத் தடுத்து மின்சாரமும் எடுக்கலாம் என்று அவர் போட்ட கணக்குகளை, 1957-இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் முன்வரலாற்றில் காணலாம். 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்த ஊரில் இருப்பவனாதலால், நீரைப் பற்றிய ஒரு பிழையான கருத்து எவ்வளவு விலை கேட்கும் என்பதை நான் இலேசாக எண்ண இயலாது.

மாகாணக் கல்லூரியில் தமக்குரிய அறையின் ஒரு பகுதியையே ஆய்வுகூடமாக்கியிருந்தார். அதுவே 1931 டிசம்பர் 17-இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனமாயிற்று. முதலாண்டுச் செலவு 238 ரூபாய். 1933-இல் சங்கியா என்னும் ஆய்விதழ் தோன்றிற்று. சங்கியை என்பது எண்ணையும் குறிக்கும், தெளிந்த அறிவையும் குறிக்கும் என்பதால் அப்பெயர். ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய், பின்னர் சி.ஆர். ராவ் எனப் பேரறிஞர் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்தனர்.

இனி நான் பெரிதும் மதிக்கும் பகுதிக்கு வருகின்றேன். 1937-இல் வங்காளத்தின் சணற்பயிரை அளக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லா வயலையும் எண்ணுவது அக்கால வழக்கம். மகலனோபிஸ் எழுமாற்றாகத் தெரிந்த சில துண்டுகளை மட்டும் அளந்து முழு நாட்டையும் மதிப்பிட முனைந்தார். சிலவற்றை அளந்து எல்லாவற்றையும் எவ்வாறு சொல்லலாம் என்று நகைத்தோர் உண்டு. நான்கு ஆண்டு வெள்ளோட்டத்துக்குப்பின் 1941-இல் வங்காளம் முழுவதும் அம்முறை நடந்தது. செலவு முழு எண்ணிக்கைக்கு ஆவதில் சிறு பங்கே; முடிவோ வியாபாரக் கணக்குக்கு முழு எண்ணிக்கையைவிட நெருங்கி நின்றது. ஆயிரக்கணக்கான பயிற்சியற்ற கைகள் எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, பயிற்சி பெற்ற சில கைகள் சிலவற்றை எண்ணுவது மேல் என்பது அதனால் விளங்கிற்று.

ஆனால் அந்தச் சில கைகளையாவது நம்பலாமா? ஒருவர் வயலுக்குப் போகாமலே மரநிழலில் இருந்து பதிவேட்டை நிரப்பலாம். ஒருவர் எப்போதும் சற்று மிகுத்து அளப்பவராக இருக்கலாம். இதற்கு மகலனோபிஸ் கண்ட உபாயம் எளியது. எளிமையே அதன் பெருமை. ஒரே பிரதேசத்திலிருந்து இரண்டோ அதற்கு மேலோ மாதிரிகளைத் தனித்தனியே எடுத்தார். ஒவ்வொன்றையும் வேறு வேறு குழுவிடம் கொடுத்தார். ஒரு குழு செய்வதை மற்றது அறியாது. முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு விடையைக் கொண்டுவரும். விடைகளின் சராசரி நமக்கு வேண்டிய மதிப்பு. விடைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு அம்மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவு. மாதிரி எடுத்ததால் வரும் வழுவும் மனிதர் செய்யும் வழுவும் ஒருங்கே அவ்வேறுபாட்டில் தோன்றிவிடும். ஊடுருவும் துணைமாதிரிகள் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

திருக்குறள் பயின்றோர் இதனைப் படிக்கும்போதே ஒற்றாடல் அதிகாரத்தை எண்ணியிருப்பர். ஒருவரையொருவர் அறியாதபடி ஒற்றரை ஆண்டு, மூவர் சொல் ஒத்தால் தெளிக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. மகலனோபிஸ் குறளை அறிந்து செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி உரிமை கொண்டாடுவது நம்மிடையே மலிந்துவிட்ட ஒரு பழக்கம். வள்ளுவர் மூவரும் ஒத்த இடத்தில் நின்றார். மகலனோபிஸ் ஒவ்வாத இடத்தில் தம் வேலையைத் தொடங்கினார். மூவர் சொல் ஒவ்வாவிடின் அந்த ஒவ்வாமையின் அளவு யாது என்று கேட்டது புதிய கேள்வி.

அம்முறைக்கு எல்லை இல்லாமலில்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் அவர் மிகச் சிறிய வட்டத்துண்டுகளை வெட்டி அளப்பித்தார். பி.வி. சுகாத்மே என்னும் மற்றொரு பெரும் புள்ளிவிபரவியலர் அதனை வன்மையாக மறுத்தார். துண்டு சிறிதாக இருந்தால் எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் கதிர்களை அறுப்பவர் உள்ளே சேர்த்துவிடுவார். அதனால் விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்று 1946-இல் அவர் காட்டினார். இரு தரப்பினருக்கும் இடையே நடந்த வாதம் கசப்பானது. சுகாத்மே பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் எண்ணுகின்றேன். மூன்று ஒற்றரும் ஒரே மங்கிய கண்ணாடியை அணிந்து சென்றால் மூவர் சொல்லும் ஒத்திருக்கும். மூன்றும் பொய்யாகவும் இருக்கும். குழுக்களுக்குப் பொதுவான கோணல், குழுக்களுக்கு இடையேயான வேறுபாட்டில் வெளிப்படாது. இலங்கையில் நெல்லை வெட்டி அளக்கும் ஆய்வுக்கும் இந்த எச்சரிக்கை உரியது.

இன்று மருத்துவம், விவசாயம், கல்வி ஆகிய துறைகளில் உலகெங்கும் நடக்கும் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஒரு முடிவு காணும் முறை பெருகிவிட்டது. மேலாய்வு என்று அதனைச் சொல்லலாம். அப்பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1976-இல் ஜீன் கிளாஸ் சூட்டினார். அதற்குமுன்பே, 1938-இல், இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் யேட்ஸும் கொக்கிரனும் பல இடங்களில் நடந்த பயிர்ச்சோதனைகளைத் தொகுக்கும் வழியை ஆராய்ந்திருந்தனர். 1986-இல் டெர்சிமோனியன், லெயர்ட் என்னும் இருவர் வெளியிட்ட எழுமாற்று விளைவு முறையே பெருவழக்காயிற்று. மகலனோபிஸ் இம்முறையை அமைத்தவர் அல்லர். ஆயினும் தனித்தனிச் சாட்சிகளின் இடைவெளியே நம்பிக்கையின் அளவுகோல் என்று வயலில் இறங்கிக் காட்டியவர்களுள் அவர் முன்னணியில் நிற்கின்றார்.

மாணவருக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு புதிய உரத்தால் ஏக்கருக்கு எத்தனை புசல் கூடுகிறது என்று மூன்று ஊர்களில் சோதித்ததாகக் கொள்வோம். முதல் ஊரில் பெரிய சோதனை: கூடியது 4 புசல், நியம வழு 1. மற்ற இரண்டும் சிறியவை: 12 புசலும் 14 புசலும் கூடின, ஒவ்வொன்றிலும் நியம வழு 2. மூன்று ஊரிலும் உண்மையான பயன் ஒன்றே, வேறுபட்டவை அளவைகள் மட்டுமே என்று எண்ணினால், வழுவின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நிறை கொடுக்க வேண்டும். முதல் ஊர் மூன்றில் இரண்டு பங்கு நிறையைக் கைப்பற்றும். விடை 7 புசல், நியம வழு 0.8. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எந்த ஊரிலும் 7 என்ற பயன் கிடைக்கவில்லையே! 4-க்கும் 14-க்கும் உள்ள இடைவெளியை அளவை வழு ஒன்றே விளைத்திருக்க முடியாது.

எனவே ஊருக்கு ஊர் உண்மையான பயனே வேறு என்று ஒப்புக்கொள்வோம். அப்பயன்கள் ஒரு மையத்தைச் சுற்றி எழுமாற்றாகச் சிதறியுள்ளன என்று கொண்டால், அச்சிதறலின் மாறற்றிறன் மேற்சொன்ன 1986-ஆம் ஆண்டு முறைப்படி 34 என வரும். அதனை ஒவ்வோர் ஊரின் சொந்த மாறற்றிறனோடும் கூட்டி மீண்டும் நிறையிட்டால், பெரிய சோதனையின் பங்கு நூற்றுக்கு 35 ஆகச் சுருங்கும். சிறிய ஊர்களின் குரலும் கேட்கும். விடை ஏறக்குறைய 9.8 புசல், நியம வழு 3.5. இது முன்னையதைவிடக் குறைந்த உறுதி, ஆனால் கூடிய நேர்மை. ஒரு தெருவுக்கு விடையா, தெருக்கள் அனைத்துக்குமா என்ற பழைய வேறுபாடே இங்கும் நிற்கின்றது. நான்காவது ஊர்க் கமக்காரர் தமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், 7 என்று உறுதி கூறுவது அவரை ஏமாற்றுவதாகும். மூன்றே மூன்று ஊர்களைக் கொண்டு 34 என்ற எண்ணையும் நன்றாக அறிய இயலாது என்பதையும் மாணவர் மறக்கலாகாது; ஆய்வுகள் குறைவாக உள்ள இடத்தில் இம்முறையின் பலவீனம் அதுவே.

மகலனோபிஸின் பிற்கால வரலாறு பலரும் அறிந்தது. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சம் வங்கக் கிராமங்களை எவ்வாறு குலைத்தது என்பதை அவருடைய நிறுவனம் மாதிரி ஆய்வால் அளந்து எழுதிற்று. 1945-இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. 1955-இல் அவர் வரைந்த திட்டச்சட்டகம் கனரகத் தொழிலுக்கு முதன்மை கொடுத்தது. பொருளியலர் பி.ஆர். செனாய் அப்போதே மறுப்புரை எழுதினார். அவ்வாதம் இன்னும் ஓயவில்லை. மாறுபட்ட சாட்சிகளை இவ்வளவு மதித்தவர் தம் நிறுவனத்தில் மாறுபட்ட கருத்தை அவ்வளவாகப் பொறுத்தாரில்லை என்று உடனிருந்தோர் குறை கூறுவதும் உண்டு. பிடிவாதக்காரர், எல்லாவற்றையும் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பியவர். அந்தப் பிடிவாதம் இல்லாவிடின் 238 ரூபாயில் தொடங்கிய ஒன்று 1959-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்திராது என்பதையும் சொல்லவே வேண்டும்.

முதுமையிலும் அந்தப் பழைய எண்ணத்தை அவர் விடவில்லை. 1960-இல் வெளியிட்ட வரைபட முறையொன்றில், குடும்பங்களைச் செலவு வரிசையில் நிறுத்திச் சம பகுதிகளாகப் பிரித்து, இரண்டு துணைமாதிரிகளுக்கு இரண்டு கோடுகளும் இரண்டையும் சேர்த்த மாதிரிக்கு ஒரு கோடும் வரைந்தார். முதலிரண்டு கோடுகளுக்கும் நடுவே அடைபடும் பரப்பே வழு. அதனைக் காண்பதற்குக் கணிதம் வேண்டியதில்லை, கண் போதும். 1968-இல் பத்ம விபூஷண் விருது வந்தது. அதன்பின்னும் நாள்தோறும் உழைத்துக்கொண்டிருந்தவர், 1972 ஜூன் 28-இல் கல்கத்தாவில் காலமானார். மறுநாள் அவருக்கு எழுபத்தொன்பது வயது நிறைய இருந்தது.